எனக்குப் போட்ட யானை வெடி

சென்ற வாரம் ஒரு மியூசியத்தைத் திறந்து வைத்தேன். இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதவே கை கூசுகிறது.

புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு உள்ளே போனால் ஒரு குளம். குளக்கட்டின் அடியில் ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய கட்டடம். அதைத்தான் தவமலர் ரீச்சர் மியூசியம் ஆக்கியிருக்கிறார். உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

கொன்று, பஞ்சு அடைத்து, கண்ணாடிக்குள் நிறுத்திய ஒன்றும் அங்கே இல்லை. போத்தல்களில் பழைய நெல்லினங்கள், பாம்பு கழற்றிய சட்டை, காற்றில் விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு... பிரதான காட்சிப்பொருள் ஒரு பெரிய யன்னல்! திறந்தால் குளத்தோர மருத மரங்கள். சண்டைக் காலத்தில் போன நாரைகள் இந்த மாரியில்தான் திரும்பி வந்து அந்த மரங்களில் கூடு கட்டியிருந்தன. யன்னலால் பார்த்துவிட்டுப் போகிற சனத்துக்கு, மரத்தைத் தறிக்கவோ குளத்தை நிரப்பவோ மனம் வரக்கூடாது – ரீச்சரின் திட்டம் அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்கு முன் போன் எடுத்தார்.

"சேர், ஒரு சின்ன வேண்டுகோள். மைக் வேண்டாம், வெடி வேண்டாம். நாரையள் அடை காக்குதுகள்."

"ஓம் ரீச்சர், அதுதான் முறை" என்றேன் பெரிய மனிதராக.

அடுத்த நாள் இன்னொரு போன். அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், தலைவர்.

"ரீச்சர் அவா வேண்டாம் எண்டுதான் சொல்லுறா. ஆனா பிரதம விருந்தினரை வெடி போடாமக் கூப்பிட்டா ஊருக்கு மரியாதை இல்லையே சேர்? வயலுக்குத் தந்த யானை வெடி கிடக்கு. ரெண்டே ரெண்டு..."

வேண்டாம் என்று சொல்ல ஒரு செக்கன் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்கட விருப்பம்."

அதைச் சொன்னபோதே வெடி கொளுத்தப்படும் என்று எனக்குத் தெரியும். வெடிச் சத்தத்தோடு போய் இறங்க உள்ளுக்குள் ஓர் ஆசை. இந்த வயதிலும்! வெட்கம்தான்... ஆனால் உண்மை.

காரை விட்டு இறங்கிக் கும்பிட்டேன். வெடித்தது. வயலுக்கு வரும் யானையையே காட்டுக்குத் துரத்துகிற வெடி அது. குளத்துக்கு மேலே வானம் வெள்ளையானது. என்ன அழகு என்று ஒரு கணம் ரசித்தும் தொலைத்தேன். பிறகுதான் விளங்கியது, அத்தனையும் அடையை விட்டு எழுந்த நாரைகள்.

ரீச்சர் வாசலில் நின்றார். பொன்னாடை போர்த்தினார்கள். ரிபன் வெட்டினேன். யன்னலைத் திறந்தேன்.

கூடுகள் இருந்தன. நாரை ஒன்றுகூட இல்லை. காகங்கள்தான் அவசரமே இல்லாமல் கூடு கூடாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு காகம் தூக்கி வந்த முட்டை யன்னலுக்குக் கீழே விழுந்து உடைந்தது. கை தட்டத் தொடங்கிய சனம் பாதியில் நிறுத்தியது.

என் பையில் உயிர்ப் பல்வகைமை பற்றிய உரை இருந்தது. வாசித்தேன்! வாசிக்காமல் இறங்க, அதற்கும் தைரியம் வரவில்லை.

தேநீர் நேரத்தில், "ரீச்சர், அந்தத் தலைவர்தான்..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"உங்களிட்டக் கேட்டிட்டுத்தான் போட்டனான் எண்டு அவர் சொன்னவர் சேர். ரீயைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

திட்டியிருந்தால் தப்பியிருப்பேன்.

அன்று பின்னேரம் சில நாரைகள் திரும்பினவாம். பல வரவேயில்லை. நேற்று மனம் கேளாமல் மறுபடி போனேன். கண்ணாடி அலுமாரியில் புதிதாக உடைந்த முட்டைக் கோதும் கருகிய வெடிக் கடதாசியும் இருந்தன. கீழே ஒரு சிறு அட்டை: 'திறப்பு விழா'.

மியூசியம் என்றால் செத்ததைப் பார்க்கிற இடம் என்றுதான் நமக்குப் பழக்கம். ரீச்சர் உயிரோடு இருப்பதைக் காட்ட நினைத்தார். நான் போய் அதையும் வழக்கமான மியூசியம் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

"அதில என்ர பெயரையும் எழுதுங்கோ ரீச்சர்" என்றேன்.

"வேண்டாம் சேர். இஞ்ச வாற பிள்ளையள் உங்கட பத்தியை வாசிக்கிறதுகள்."

அவர் எழுத மறுத்த பெயர் இந்தப் பத்தியின் மேலே இருக்கிறது, பிள்ளைகளே.