ஒரு செருப்பாணி

என் மேசை இழுப்பறையில் ஒரு செருப்பாணி கிடக்கிறது. முனை கருகிப்போன ஆணி. கிள்ளானுக்குக் குடிவந்தபோது எத்தனையோ சாமான்களைத் தூக்கிப் போட்ட என் மனைவி, இதைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். நான் அவ்வளவு தைரியசாலி இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கார் பட்டறையில் எனக்கு மெத்தை தைக்கும் வேலை. இருக்கை, கதவுத் துணி, உள்கூரைத் துணி எல்லாம் என் பொறுப்பு. வயர் வேலை முழுக்க வயர்மேன் அண்ணனுடையது. அவர் செந்தூலில் ஒரு ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். வண்டியைத் தொடுமுன் சிலுவை போட்டுக்கொள்வார். ஃபியூஸ் போனால் மனிதர்களைத் திட்டமாட்டார், ஃபியூஸைத்தான் திட்டுவார்.

அந்த வாரம் சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் எங்கள் பட்டறையிலிருந்து ஓர் ஆளைக் கேட்டிருந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. யார் பெயரைக் கொடுப்பது என்று மேனேஜர் தவித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் புதுப்பித்துக் கொடுத்த ஓர் அதிகாரியின் கார் திரும்பி வந்தது. உள்விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் போடப் போடப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜருக்கு வழி கிடைத்துவிட்டது.

"யாரு வேலைல பிழையோ அவன் பேருதான் போவும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

ஃபியூஸுக்கும் அப்போது பெரும் தட்டுப்பாடு. அண்ணன் அதன் இடத்தில் ஒரு பல்பை மாட்டினார். உள்ளே எங்கேயோ வயர் வண்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். அந்தத் தொடுப்பு விட்டால் அணையும். "பல்பைப் பாத்துக்கிட்டே இரு தம்பி, அணைஞ்சா சத்தம் குடு" என்று சொல்லிவிட்டுப் பின்னிருக்கைக்குப் போனார். கதவோரம் வந்த வயரைக் கழற்றினார். எரிந்தது. விளக்கையே கழற்றினார். அப்போதும் எரிந்தது. பிறகு பின்மூலையில் உள்கூரைத் துணியை நெம்பும் சத்தம் கேட்டது. பல்பு பொசுக்கென்று போய்விட்டது.

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்ல விடமாட்டார்கள், அபசகுனம்; அமர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில், "அமர்ந்துடுச்சு அண்ணே, அமர்ந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மற்ற நாளாக இருந்தால், எங்கே உட்கார்ந்தது என்று கேலி செய்திருப்பார். அன்று உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினார். அதில் இந்த ஆணி இருந்தது.

கூரைத் துணிக்கு அடிக்கும் சின்ன ஆணி எங்கும் கிடைக்காததால், நான் செருப்பாணியை வாய் நிறைய வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்திருந்தேன். அது கொஞ்சம் நீளம். வயரைத் துளைத்துத் தகரம்வரை போயிருக்கிறது. பிழை என் வேலையில்தான். அவர் ஆணியை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உன் வீட்ல நெறமாசம். வாயைத் தொறக்காதே."

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "என் வேலைதான் சார் பிழை. வயரை ஒழுங்கா இழுக்கல" என்றார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அப்போது எனக்கு வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. துக்கம் அவரை லோரியில் ஏற்றியபோதுதான் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? என் மகள் பிறந்தபோது அவர் சயாமில் இருந்தார்.

சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அண்ணன் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார் என்றார்கள். ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். அந்த அம்மா எனக்கு வரக்காப்பி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம் மவன் வேலைல பிழை விட்டான்னு சொல்றாங்களே தம்பி. அவன் அப்படி விடுற ஆளா? நீ கூட இருந்தவன், சொல்லுப்பா."

"இல்லம்மா" என்றேன். ஆணியைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அவருக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இன்று மகள் தன் காரில் வந்து என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறாள். கதவைச் சாத்தியதும் உள்விளக்கு தானாக அமர்ந்துவிடுகிறது. வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன். ஆணி அப்படியே இருக்கிறது. அதைக் காட்ட வேண்டிய அந்த அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.