பட்டன் அக்கா போட்ட பூட்டு

சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கும் பிரிவில் இருந்ததால் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். புருஷன் போன பிறகு, மகளை நர்சிங் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. சம்பாதிக்கத் தெரிந்தவளுக்கு 'இல்லை' என்று சொல்லத்தான் நாக்கு வராது. அலமாரியில் துணி மடிப்புக்குள் செருகி வைத்த பணம், யாராவது வாசலில் நின்று கண்ணைக் கசக்கினால் போதும், கை மாறிவிடும். திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இதில் முதல் வாடிக்கையாளன் சொந்தத் தம்பிதான்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், வங்கியிலிருந்து வந்த ஒரு பெண் சேமிப்பைப் பற்றிப் பேசினாள். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். பட்டன் அக்கா கையைத் தூக்கினாள்.

"சேர்க்கச் சொல்றீங்க, சரி. கூடப் பொறந்தவன் வந்து கேட்டா எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவள் சிரிக்கவில்லை.

"மாசாமாசம் சம்பளத்துலேயே பிடிச்சு, ரெண்டு வருஷத்துக்குப் போட்டுடலாம்க்கா. அவசரம்னா நடுவுல எடுக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனா அதை நீங்க ஊரைக் கூட்டிச் சொல்லணும்னு இல்ல."

அடுத்த மாதமே சேர்ந்துவிட்டாள். மழைக்காலம் முடிந்ததும் தம்பி வந்தான், புது பைக் வாங்க வேண்டுமாம். "முன்பணம் மட்டும் குடுக்கா."

"பேங்க்ல பூட்டிட்டாங்கடா. நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது மடல் சூடேறியது. அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பணம் போட்ட இடத்திலேயே இருந்தது.

மறு வருஷம் தம்பி மனைவிக்குப் பிரசவம் சிக்கலானது. உடனே ஆபரேஷன், பணம் கட்டுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தம்பி தூணோடு தூணாக நின்றான். அக்காவிடம் கேட்கவில்லை, பூட்டிவிட்டார்கள் என்றே நம்பியிருந்தான். பட்டன் அக்கா மகளைத் தனியே கூப்பிட்டு, படிப்புக்குப் போட்ட பணத்தை எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"போய் எடும்மா, என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறியே," என்றாள் மகள்.

அப்படியே ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்த பிறகுதான் தம்பிக்கு உறைத்தது. "எடுக்கவே முடியாதுன்னு சொன்னியேக்கா?"

"உன் பைக்குக்கு முடியாதுடா. இதுக்கு முடியும்."

அதன்பின் கொஞ்ச நாள் அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் அவன் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. உங்க தம்பிக்குத் தெரிய வேணாம்."

"அவசரம்னா எடுக்கலாம், தெரியுமில்ல?"

"அது தெரியாமலா? அதனாலதானே நான் உயிரோட நிக்கிறேன்."

இரண்டு பேரும் சேர்ந்தே வங்கிக்குப் போனார்கள். தம்பி பாதிப் பணத்தை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்தான்; மீதியைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. மகள் ஒரு வருஷம் பிந்தித்தான் நர்சிங்கில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று கட்டணத்தைக் கட்டியது பட்டன் அக்காவின் சொந்தப் பணம்.