கெண்டையைப் பார்க்கப் போனவர்

அடையாற்றில் என் ஆட்டோவில் ஏறியவர் நல்ல உயரம். கூடவே அவர் உயரத்துக்கு ஒரு பை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் முனையை எந்த பஸ் இடிக்குமோ என்று எனக்குப் பயம்.

“இன்னா சார் அது?”

“தூண்டில்பா. பிரான்ஸ்ல ஒரு ஏரி. ஒரு வாரம் கரையிலயே டென்ட் போட்டுக் கெண்டை பிடிக்கப் போறேன்.”

“அத்தினி தூரமா? எங்க பட்டினப்பாக்கத்துல கெண்டைய யாரும் சீண்ட மாட்டாங்க சார். எப்டி எடுத்தாருவீங்க?”

“எடுத்துட்டு வரமாட்டேன். கையை நனைச்சுக்கிட்டு, மெத்தையில படுக்கவெச்சு, முள் குத்தின வாயில மருந்து போட்டு, தண்ணியிலயே விட்டுடுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. மீனுக்கு மருந்து போட்டவர் எங்களில் யாரும் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. “போன வருஷம் விட்ட கிழட்டுக் கெண்டை ஒண்ணு இருக்குப்பா. உடம்பு பூரா வழவழன்னு இருக்கும், முதுகுல மட்டும் ஒரே ஒரு பெரிய செதில். இந்தக் குளிர்ல பொழச்சுதான்னு தெரியல. அதைப் பாக்கத்தான் போறேன்.”

அந்தக் கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. விமான நிலையத்தில் என் நம்பரைக் கொடுத்து, “பாத்தா சொல்லுங்க சார்” என்றேன்.

நாலைந்து நாளாகச் செய்தி இல்லை. செத்துத்தான் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு படம் வந்தது. சட்டையெல்லாம் சேறாக மண்டியிட்டு, முதுகில் ஒற்றைச் செதிலோடு ஒரு பெரிய மீனை ஏந்தியிருந்தார்.

மீன் விற்கிற என் மனைவியிடம் காட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

“இம்மாம் பெரிசு! வுட்டுட்டானா? லூசாய்யா அவன்?”

இருக்கலாம். ஆனால் சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறேன். சொந்தத்தில் யாருக்கோ நல்லபடியாகப் பிரசவமான மாதிரி மனசு லேசாக இருக்கிறது.