உறவுக் குழுவில் நான் எழுதியது

பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் மகள், ஒரு மருந்துத் தொழிற்சாலை வெடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தக் கம்பெனியின் பங்குகளை விற்றிருந்தாள். விற்க வைத்தது நான். அட்சய திருதியைக்கு வெள்ளியாவது வாங்கி வைத்தால் வரன் அமையும் என்று ஒரு வாரமாக நச்சரித்தேன். அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி விற்றாள். மைசூர் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் கூட்டத்தில் நசுங்கி, ஒரு ஜோடி சிறிய வெள்ளி விளக்கு வாங்கி வந்தோம்.

விபத்துச் செய்தி வந்தபோது, செத்தவர்களை நினைப்பதற்கு முன்பே 'நல்ல வேளை' என்றது என் மனம். எழுதவே கூசுகிறது.

விபத்து நடந்த நாலாம் நாள் அக்ரஹாரக் கடைவீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு தகவல் வந்தது. விபத்து நடக்கப்போவது முன்பே தெரிந்த சிலர் பங்குகளை விற்று வெள்ளியாக மாற்றிக்கொண்டார்களாம். மைசூரில் தரகர் அலுவலகப் பெண் ஒருத்தியும் அதில் உண்டாம். காய்க்காரம்மா மீதிச் சில்லறையோடு கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

மகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தத் தகவல் அலுவலகத்துக்கும் எட்டி, எழுத்தில் விளக்கம் தரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அம்மா, சும்னே கேக்கல. நான் வித்தத யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. போனை எடுத்து நீட்டினேன். விபத்தன்று எங்கள் கொள்ளேகால் உறவுக்காரர் குழுவில் நான்தான் எழுதியிருந்தேன். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். ஆனால் கன்னடத்தில் படித்தவள், கன்னடம் கலந்து தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.

லேப்டாப்பைத் திறந்தாள். "படி. ஆபீசுக்கு இங்கிலீஷ்ல போடறேன். ஒரு வார்த்த விடாதே."

படித்தேன். "எம் பொண்ணு கெட்டிக்காரி. அந்தக் கம்பெனிக்கு என்னமோ ஆகப்போவுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வித்துட்டா."

அவள் விரல்கள் நின்றன. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லல. நானாச் சேத்தது."

"எதுக்கு?"

அவளுக்குச் சாமர்த்தியம் போதாது, அதனால்தான் வரன் தட்டிப்போகிறது என்று அவளுடைய அத்தை அதே குழுவில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அவள் அதையும் தட்டினாள். அச்செடுத்து வந்த விளக்கத்தின் கீழே கையெழுத்து நான்தான் போட்டேன்.

அதைக் கொடுத்துப் பதினொரு நாளாகிறது, அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. தினமும் எட்டு மணிக்குக் குளித்து, தலை வாரி, அலுவலக உடையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிடக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.