கண்ணாடியில் நேராக நின்றவள்

இது நடந்தது. ஃபிலிம் கோளாறு, கண் கோளாறு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த ஃபிலிம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

2004, தை மாதம். படப்பையில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. பழைய லென்ஸ் ஒன்று கைக்குக் கிடைக்க, பிளைவுட்டும் கறுப்புத் துணியும் வாங்கி நானே ஒரு பெரிய கேமரா செய்தேன். பார்க்க மரப்பெட்டி, எடை ஒரு டிபன் கேரியர் அளவுதான். தலைமேல் துணியைப் போட்டுக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, மண் மேலே. அந்தக் கேமராவின் குணமே அது. ஷட்டர் கிடையாது. லென்ஸ் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி மூட வேண்டும். அதுவரை ஆள் அசையக் கூடாது.

என் மாடி ரூமில் குடியிருந்தவன் உச்சிமாகாளி. சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அப்போதுதான் பெர்மனன்ட் ஆகியிருந்தான். பெண் வீட்டுக்கு அனுப்ப போட்டோ வேண்டுமாம்.

"கம்பெனி பொறத்தால தெரியணும்ணே. அப்பத்தான் நம்புவாக."

அவன் கம்பெனிக்கு எதிரே, மண் கொட்டி மேடாக்கிய காலி இடம். மாலை ஐந்து மணி. நல்ல வெளிச்சம். முதல் படத்தை மூக்கைச் சொறிந்து கெடுத்தான். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"நான் இன்னா கத்துனாலும் அசையாத. எண்ணி முடிக்கிற வரிக்கும் நீ செல. புரிதா?"

"சரிண்ணே."

இரண்டாவது படத்துக்கு அசையவே இல்லை. இன்னொன்று எடுத்து வைப்போமே என்று அந்த ஃபிலிமை உருவி வைத்துவிட்டு, மறுபடி துணிக்குள் நுழைந்தேன்.

கண்ணாடியில் கம்பெனிக் கூரை தலைகீழ். உச்சிமாகாளி தலைகீழ். சரி.

அவன் பக்கத்தில் ஒரு பெண்... நேராக நின்றாள்.

துணியை விலக்கினேன். அவன் மட்டும்தான். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருந்தாள். முடி மட்டும் மேல்நோக்கி நீண்டிருந்தது.

கண்ணாடியில் நேராகத் தெரிகிறாள் என்றால், அங்கே அவள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 

அவள் கை மெல்ல உயர்ந்தது. அவன் கால் பக்கம்.

"டேய், வந்துடு!"

அவன் அசையவில்லை. சிரித்த முகம் அப்படியே.

"வெளயாட்டில்லடா! ஓடியா!"

நான் சொன்ன சொல்லை மீறாமல் நின்றான், பாவி.

ஓடினேன். புது மண். கால் புதைந்தது.

சளக்...

தண்ணீர்ச் சத்தம். மண்ணுக்கு அடியில்.

"அண்ணே... இப்ப அசையலாமா?"

அதுதான் அவன் கடைசியாகக் கேட்டது.

நின்ற வாக்கிலேயே உள்ளே போனான். கால். இடுப்பு. தோள்.

அவன் விரல் என் விரலில் பட்டது. பிடிக்க முடியவில்லை.

கத்தினேன். அழுதேன். வேறென்ன செய்ய?

ஜேசிபி வந்து, தீயணைப்பு வண்டி வந்து, மேலே எடுக்க மணி எட்டாகிவிட்டது. கயிற்றில் முதலில் வந்தது அவன் கால்கள். நின்றபடி போனவன் உள்ளே தலைகீழாகக் கிடந்திருக்கிறான்.

ஜேசிபி ஓட்டிய கோதண்டம் உள்ளூர்க்காரர். குழியைப் பார்க்காமல் பேசினார்.

"இங்க கெணறு இருந்திச்சி சார். நாலு வருசம் முன்ன அன்னக்கிளின்னு ஒரு பொம்பள, தண்ணி மொள்ளசொல்ல தலகுப்புற வுழுந்துட்டா. தூக்கசொல்ல அவளுக்கும் காலுதான் மொதல்ல வந்திச்சி. அப்பால மண்ணு கொட்டி மூடிட்டானுங்கோ."

அவன் வீட்டாருக்கு ஒரு படமாவது கொடுக்கலாம் என்று, அந்த இரண்டாவது ஃபிலிமைக் கழுவினேன். வெளிச்சத்தில் நேராகப் பிடித்தேன். வானம் மேலே. கம்பெனிக் கூரை நேராக. அந்தப் பெண் அதில் இல்லை.

உச்சிமாகாளி இருந்தான். தலை மண்ணில், கால் வானத்தில்.

அந்தப் படத்தை எடுத்தபோது அவன் என் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தான். சிரித்த முகமாக.