எங்க வூட்டுக்காரரையும் எழுதிக்க டீச்சர்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். "நீ பேசுற நேரத்துல எழுதியிருந்தா இந்நேரம் ரெண்டு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கலாம்மா" என்று என் கைடு சொல்லாத வாரமில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்திருந்தேன். வருஷங்கள்தான் ஓடின. ஆராய்ச்சி நகரவில்லை.

ஆசை மட்டும் மலையளவு இருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "டாக்டர் வந்துட்டாங்க, டாக்டருக்கு முன்வரிசையில நாற்காலி போடு" என்று சித்தப்பாக்கள் ஓட்டுவார்கள். பதிவுக்கு நீட்டிப்பு வாங்கி வாங்கி, கடைசியில் ஒரே ஒரு வருஷம் மிச்சம். அதற்குள் முடிக்காவிட்டால் பதிவே ரத்து. அப்புறம் சாகும்வரை அந்த நாற்காலிக் கிண்டலைக் கேட்க வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. என் கைடு ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று வராந்தாவில் கடிதத்தை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஏதோ ஓர் அறக்கட்டளை. கல்வராயன் மலையில் ஆரோக்கியமாக வாழும் முதியவர்களைப் பற்றி ஆராய உதவித்தொகை தருகிறார்களாம். அறுபது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், பல வருஷமாகப் பீடியோ சுருட்டோ குடித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னும் நல்லபடியாக நடமாட வேண்டும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். பீடி குடித்தும் திடமாக இருக்கிறார்களே, சாமைச் சோறா, மலைக்காற்றா, எது காப்பாற்றுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எனக்குத் தலைகால் புரியவில்லை. துறை முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். படிவங்களோடு ஒரு தோள்பையும் தொப்பியும்கூட அனுப்பியிருந்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியது. முதல் இரண்டு நாளும் ஒரே கூத்து. தொப்பி போட்ட பெண் வந்து வயசானவர்களை மட்டும் போட்டோ எடுக்கிறாள் என்று தெரிந்ததும், ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் வயசு ஏற ஆரம்பித்தது. தலையில் ஒரு நரைகூட இல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"எழுவத்தஞ்சு போட்டுக்க டீச்சர்."

அவர் மனைவி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்து வந்தார். "நீ எழுவத்தஞ்சுன்னா நான் இன்னா, நூறா? ஏந்திரு மொதல்ல!"

மூன்றாம் நாள் காலையில் கோயில் மரத்தடிக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே ஒரு வரிசை நின்றது. அத்தனை பேரும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், இறப்புச் சான்றிதழ். ஒருவர் மஞ்சப்பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு சட்டம் போட்ட படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் மாலை போட்ட படம். படத்தில் இருந்தவருக்கு மீசை அடர்த்தி, வயசு கம்மி.

விஷயம் இதுதான். பீடி குடிக்கிறவர்கள் பேரை எழுதுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் பேசியிருக்கிறார்கள். போட்டோவும் கையெழுத்தும் இருந்தால் அது அரசாங்கத் திட்டமாகத்தான் இருக்கும். குடிக்கிறவனுக்கே ஏதோ தருகிறார்கள் என்றால், குடித்துச் செத்தவன் பெண்டாட்டிக்குத் தராமல் இருப்பார்களா? மனு எழுதி எழுதிப் பழகிய ஊர். வேறெப்படி நினைப்பார்கள்?

"அக்கா, இது கவர்மெண்ட் திட்டம் இல்லீங்க. வெறும் ஆராய்ச்சி. உதவி எதுவும் வராது" என்றேன்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் யாரும் போகவில்லை. மஞ்சப்பை அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தார், கிழங்குக் கொல்லையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

"வரலன்னா போவுது. எங்க வூட்டுக்காரர் பேர எழுதிக்க."

"உயிரோட இருக்கிறவங்கள மட்டும்தான் எழுதணும்க்கா."

"அது இன்னாத்துக்கு?"

"எப்படி நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சிக்கத்தான்."

அக்கா, திண்டு போல மரத்தடி வேரில் சாய்ந்திருந்த ஒரு பெரியவரைக் கைகாட்டினார். முந்தின நாள் நான் சந்தோஷமாக எழுதிக்கொண்ட ஆள் அவர். "தோ குந்திக்கினு இருக்காரே, அவரும் எங்க வூட்டுக்காரரும் ஒரே கட்டுல பீடி எடுத்து ஒரே நெருப்புல பத்த வெச்சவங்க. அவரு இருக்காரு, எழுதிக்கின. இவரு நெஞ்சுல கட்டி வந்து செத்தாரு, எழுத மாட்டேங்குற. செத்தவங்கள வுட்டுட்டு எண்ணினா அத்தினி பேரும் நல்லாத்தான் இருப்பாங்க டீச்சர்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆராய்ச்சியில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதற்கென்றே ஒரு தாள் எழுதி முதல் வகுப்பில் தேறியவள் நான். அறக்கட்டளைக் கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பேன்! எனக்கு உறைக்காதது, கிழங்குக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு நின்ற நிலையில் உறைத்துவிட்டது.

"இத யாரு எழுதச் சொன்னது?" விடவில்லை அக்கா.

"ஒரு அறக்கட்டளைங்க."

"அவுங்களுக்கு யாரு குடுக்குறது?"

"தெரியாதுக்கா."

"நாங்க ஒரு கையெழுத்து போடணும்னாலே யாரு, எவருன்னு கேட்டுக்கினுதான் போடுறோம். இத்தினி படிச்சிட்டு நீ கேக்கவே இல்லியா?"

வாயாடி என்று பேர் வாங்கிய நான், போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

அந்த ஊரில் ரோட்டு வளைவில் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று கைடுக்குப் போன் போட்டேன். "சார், அந்த அறக்கட்டளைக்கு யாரு சார் பணம் தர்றாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சிகரெட் கம்பெனிம்மா. ஆனா அவங்க எதுலயும் தலையிட மாட்டாங்க. வெளியிடறதுக்கு முன்னாடி முடிவுகள ஒரு தடவ அவங்க பாக்கணும், அவ்வளவுதான் ஒப்பந்தத்துல."

"அதுக்குப் பேரு தலையிடறது இல்லாம வேற இன்னா சார்?" நான் போட்ட சத்தத்தில், பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, ஏதாவது உதவி வேணுமா என்று கேட்டார்.

தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினேன். படிவத்தில் இறந்தவருக்குக் கட்டம் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் எழுதினேன். என்ன வயசு, எத்தனை வருஷம் குடித்தார், என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டு எழுதினேன். பதினோரு பெண்கள். எழுதி முடித்ததும் மஞ்சப்பை அக்கா கை நீட்டினார்.

"பேனா குடு. கையெழுத்து போடணும்."

"பின்பக்கத்துல அதுக்கு எடம் இல்லீங்கக்கா."

"கையெழுத்து இல்லாத பேப்பரு செல்லாது" என்றார். முகம் விழுந்துபோய்விட்டது. அந்த முகம் கண்ணிலேயே நிற்க நான் மலையிறங்கினேன்.

கைடு பின்பக்கங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "இத எடுத்துடும்மா. இருக்கிறது ஒரு வருஷம். உதவித்தொகையும் போயி, பதிவும் போயிடுச்சின்னா இன்னா பண்ணுவ?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. "எடுத்துடறேன் சார். ஆனா அந்தப் பொம்பளைங்ககிட்ட, 'உங்க வூட்டுக்காரருக்கு இதுல எடமில்ல'ன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

வந்தார் பாவம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். பெரிய ஆபீசர் வந்திருக்கிறார் என்று, பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் வந்தன. "நான் இன்னிக்கி வந்தது எதுக்குன்னா..." என்று அவர் தொடங்கும்போதெல்லாம் தட்டில் இன்னொரு கிழங்கு விழுந்தது. காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர, "அய்யோ, பெரிய சார் அழுவுறாரே, எவ்வளவு எரக்கம்!" என்றார் ஒருவர். நான் சிரிப்பை அடக்க மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது மஞ்சப்பை அக்கா அந்தப் படத்தை அவர் மடியில் வைத்திருந்தார். கைடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்கா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது காரத்துக்கு வந்த கண்ணீர் இல்லை. அன்று முழுக்க அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

மலையிறங்கினோம். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நின்றபோது கேட்டார். "ஏம்மா, தலைப்ப மாத்திடலாமா? இருக்கிறவங்க, இல்லாதவங்க, ரெண்டு பேரையும் சேத்து?"

சந்தோஷத்தில் கையை வீசினேன். அவர் டீ கிளாஸ் தெறித்து விழுந்தது. இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தலைப்பை மாற்றுவதாக அறக்கட்டளைக்கு எழுதினோம். மிக மரியாதையான பதில் வந்தது. அவர்களுடைய முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம். உதவித்தொகை நின்றது. பையையும் தொப்பியையும் திருப்பிக் கேட்கவில்லை. திருக்கோவிலூரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டே, மிச்ச நாளெல்லாம் எழுதினேன். வாயை மூடிக்கொண்டு எழுதினேன். வீட்டில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டார்கள். கெடு முடிய இரண்டு வாரம் இருக்கையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று கருத்தரங்கக் கூடத்தில் சித்தப்பாக்கள் எல்லோரும் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். மரியாதைக்கு மலைக்கும் ஒரு போன் போட்டிருந்தேன். யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தொடங்கப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பதினோரு பெண்களும், கூடவே ஒரு பலாப்பழமும் இறங்கினார்கள். சித்தப்பாக்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காட்சிகளில் அதுவும் ஒன்று.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம் வழக்கப்படி, "பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்" என்றார். இதற்கென்று என் தோழி ஒருத்தியை, துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்துத் தயாராக உட்கார வைத்திருந்தேன். அவள் எழுவதற்குள் மஞ்சப்பை அக்கா எழுந்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரு இதுல இருக்காரா?"

தோழி துண்டுச் சீட்டை மடித்து வைத்துவிட்டாள்.

"இருக்காருக்கா."

"எங்க? காட்டு."

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் போனேன். பக்கத்தைத் திறந்து, அவர் விரலைப் பிடித்து அந்த வரிசையில் வைத்தேன். "பேர் போடக் கூடாதுன்னு விதி. அதனால நம்பர் மட்டும் இருக்கு. ஆனா இது அவருதான்."

"படி" என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். மரவள்ளியும் சாமையும் பயிரிட்டவர். இருபது வயதிலிருந்து பீடி குடித்தவர். நுரையீரலில் புற்றுநோய். நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தது மனைவி. அந்தக் கடைசி வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. கை நீட்டினார். "பேனா குடு. அன்னிக்கி எடம் இல்லன்ன. இங்க ஓரத்துல எடம் இருக்குது."

கைடு பதறிப்போனார். "கையெழுத்து போட்டா பேரு வெளிய தெரிஞ்சிடும்மா..."

"என் பேருதானே சார்? தெரியட்டும்னுதான் போடுறேன்."

கைடு தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் எழுந்து வந்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா ஒவ்வோர் எழுத்தாக, அவசரமே இல்லாமல் போட்டார். பிறகு நிமிர்ந்து, "வாங்கடி" என்றார். மற்ற பத்துப் பேரும் எழுந்து, அன்று மரத்தடியில் நின்ற அதே வரிசையில் வந்து நின்றார்கள்.

பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாகத் தேர்வாளர் அறிவித்தது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்கூட. லட்டும் மிக்சரும் போதாமல் போய், கூடத்தின் வாசலிலேயே பலாப்பழத்தை அறுத்தோம். தேர்வாளர் கையில் பிசுக்கோடு பஸ் ஏறினார்.

அந்தப் பிரதியைத்தான் நூலகத்துக்குக் கொடுத்தேன். ஓரமெல்லாம் கிறுக்கியிருக்கிறதே, வேறு சுத்தமான பிரதி இல்லையா என்று நூலகர் கேட்டார். வீட்டில் நாலு பிரதி இருந்தது. இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.