தூக்குக்குண்டு கட்டிய சுவர்

பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டட மேற்பார்வையாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தூக்குக்குண்டு என்றால்தான் தெரியும். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற அந்தப் பித்தளைக் குண்டும் நூலும் எந்நேரமும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், வாங்க என்று சொன்னவரைப் பார்க்குமுன் சுவரைப் பார்க்கிற ஆள்.

அந்த இடம் பல்கலைக்கழகம் ஆவதற்கு முன் கல்லூரி; அதற்கும் முன் தகரக் கொட்டகையில் நடந்த தொழிற்பள்ளி. அதன் முதல் கொத்து வேலை வகுப்பில் மாணவராகக் கரணை பிடித்தவர் இவர். அங்கே பயிற்சிச் சுவருக்கு சிமென்ட் கிடையாது. மணலும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். மதிப்பெண் போட்டதும் இடித்து, செங்கல்லைச் சுரண்டி அடுக்கிவிட வேண்டும். அடுத்த வகுப்பு அதை வைத்தே கட்டும். இவர் கட்டிய நீளச் சுவர் மட்டும் தப்பியது. அவ்வளவு நேர்த்தி.

"இடிக்க மனசு வரலடா. மாதிரிக்கு இருக்கட்டும்" என்றார் வாத்தியார். அந்த ஒரு வார்த்தையிலேயே மனிதர் ஆயுள் முழுக்கக் குளிர் காய்ந்தார்.

பள்ளியைக் கல்லூரியாக உயர்த்த ஆய்வுக் குழு வருகிறது, அரங்கம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு அவசரம் வந்தது. அந்தச் சுவரோடு இன்னும் மூன்று சுவர் சேர்த்துக் கூரை போட்டார்கள். பூச்சு பூசியவர் இவரேதான். வாத்தியாரும் கூடப் படித்தவர்களும் அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தார்கள்; உள்ளே என்ன கலவை என்று வேறு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார், சொன்னால் இடித்துவிடுவார்களே! சீக்கிரம் புதிதாகக் கட்டிவிடுவார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். யார் கட்டினார்கள்? பல்கலைக்கழகம் ஆன பிறகும் சாயம் அடித்து, 'பழைய அரங்கம்' என்று பலகை மாட்டியதோடு சரி.

மகள் அங்கேயே படித்து, அங்கேயே விரிவுரையாளர் ஆனாள். அந்தச் சுவரோரம் நின்றுதான் வரலாறு நடத்தினாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் பொண்ணு நிக்கிற சுவர் யார் கட்டினதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. பக்கத்துப் புதுக் கட்டடத்தின் மழைநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் முழுக்கச் சுவரின் அடியில் இறங்கியது. சாயம் உப்பியது. தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் வயிறு தள்ளியிருந்தது. நூல்தான் பிசகு என்று வேறு இடத்தில் விட்டார். அங்கும் அப்படியே. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே மணல் சரிந்துகொண்டிருந்தது, யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல.

மறுநாள் அந்த அரங்கத்தில் ஆண்டு விழா. மகள்தான் பல்கலைக்கழக வரலாற்றை எழுதி வாசிக்கப் போகிறாள்.

"விழாவ வெளிய மைதானத்துல வெச்சா என்னம்மா?"

"ஏம்ப்பா? உங்க சுவர் முன்னாடி நின்னு பேசணும்னுதானே இவ்வளவும் எழுதினேன். சுவருக்கு ஏதாவது ஆயிருச்சா?"

"சேச்சே, அதுக்கென்ன, கல்லு மாதிரி நிக்குது."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். நாளை ஒரு நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் துணைவேந்தரும், தொழிற்பள்ளியின் முதல் வகுப்புக் கிழவர்களும். "இந்தச் சுவரைக் கட்டியவர் என் அப்பா" என்றாள் மகள். கைதட்டல் எழுந்தது. அந்த அதிர்வில் அவள் தோளில் பூச்சு உதிர்ந்தது. அவள் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். மேலே ஒரு விரிசல் கூரைவரை ஓடுவதைக் கீழே உட்கார்ந்திருந்த தூக்குக்குண்டு பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க! இது பயிற்சிச் சுவர்!"

கூட்டம் சிரித்தது. பெரியவர் சந்தோஷத்தில் உளறுகிறார் என்று நினைத்தார்கள். முதல் வகுப்புக்காரர்கள் சிரிக்கவில்லை. எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி அப்பா குறை சொல்லி மகள் கேட்டதே இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே விரட்டினாள். கடைசியாக அவள் வந்தாள்.

மைதானத்தில் முணுமுணுப்பு அடங்குமுன்பே சுவர் மூட்டை சரிவதுபோல் உட்கார்ந்தது. கூரை மேடைமேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. பதிவாளர் ஓடிவந்து தூக்குக்குண்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு. அத்தனை உயிரையும் காப்பாத்திட்டீங்க!"

மகள் இடிபாட்டின் ஓரத்திலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து வந்தாள். விரலால் தேய்த்ததும் கலவை மாவாக உதிர்ந்தது.

"இதுல சிமென்ட்டே இல்லயேப்பா."

"இல்லம்மா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மொதல்லேர்ந்தே."

"நான் தினமும் அது பக்கத்துல நின்னுதானே பாடம் எடுத்தேன்."

பதிவாளர் அவர் கையை இன்னும் விடவில்லை. மகள் செங்கல்லைத் தரையில் வைத்துவிட்டு மாணவர்கள் பக்கம் போனாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார்.